சிறிய தொலைநோக்கியில் விண்மீன் ஒளியின் தளவிளைவை அளப்பது: எங்கே தொடங்குவது?

நீள்விழி

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 20 செ.மீ. ஷ்மிட்-காசகிரெய்ன் தொலைநோக்கி ஒன்றும், குளிரூட்டிய கறுப்பு வெள்ளை சிமாஸ் கேமரா ஒன்றும் இருக்கின்றன. மாறொளி விண்மீன்களுக்கு போட்டோமெட்ரி (பிரகாச அளவீடு) செய்து பழக்கம் உண்டு, நூற்றில் ஒரு பங்கு துல்லியம் வரை வருகிறது. பிரகாசத்தை மட்டுமே அளந்து அளந்து கொஞ்சம் அலுத்துவிட்டது. அதே ஒளியில் தளவிளைவு (போலரைசேஷன், அதாவது ஒளி அலை ஒரு தளத்தில் மற்றதைவிட அதிகமாக அதிர்வது) என்று இன்னொரு தகவலும் வருகிறதே, அதை ஏன் விட வேண்டும் என்று தோன்றுகிறது.

என் யோசனை இதுதான்: ஃபில்டர் சக்கரத்தில் ஒரு தளத்து ஒளியை மட்டும் விடும் போலராய்டு துண்டுகள் நான்கை 0, 45, 90, 135 பாகையில் பொருத்தி, ஒரே விண்மீனை நான்கு முறை எடுத்துக் கழித்துப் பார்ப்பது. இது தேறுமா? தேறாது என்றால், குழாயின் பின்னால் தொங்கவிடும் அளவுக்குச் சிறிய கருவியை எப்படிக் கட்டலாம்? குறி வைத்திருப்பது ஜீட்டா டாரி, காமா காசியோப்பியே மாதிரி வட்டு சூழ்ந்த விண்மீன்கள், அப்புறம் திருவாதிரை.

இரட்டைக்கதிர்

தேறும், ஆனால் நீங்கள் குறி வைத்திருக்கும் விண்மீன்களுக்குப் பத்தாது.

எவ்வளவு சின்ன விஷயத்தை அளக்கப் போகிறோம் என்று முதலில் பார்த்துவிடலாம். விண்மீன் ஒளியில் தளவிளைவு 1 சதவீதம் இருந்தாலே பெரிய எண். ஜீட்டா டாரி ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். திருவாதிரை ஒரு சதவீதத்துக்குள்ளேயே ஏறி இறங்கும். தூசி வழியாக வரும் தூரத்து விண்மீன்களில் 3, 4 சதவீதம் பார்க்கலாம். சூரியனுக்கு அருகில் இருக்கும் சாதாரண விண்மீன்களிலோ லட்சத்தில் சில பங்குதான்.

இப்போது உங்கள் போலராய்டு கணக்கு. 0 பாகைப் படத்துக்கும் 90 பாகைப் படத்துக்கும் தலா நூற்றில் ஒரு பங்கு பிழை என்றால், இரண்டையும் கழித்துக் கூட்டுத்தொகையால் வகுக்கும்போது முக்கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிழை வந்து நிற்கும். அளக்க வேண்டியதே ஒன்றரை சதவீதம்! இந்தப் பிழையில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது? இரண்டு படங்களுக்கும் நடுவில் கடந்துபோகும் மெல்லிய மேகம், காற்றின் கலக்கம், ஃபில்டர் மாறும்போது விண்மீன் சற்று நகர்ந்து வேறு பிக்சலில் விழுவது, இவற்றிலிருந்துதான்.

வழி ஒன்றுதான். இரண்டு தளங்களையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். கேமராவுக்கு முன்னால் கால்சைட் படிகத் தகடு ஒன்றை வைத்தால் ஒவ்வொரு விண்மீனும் இரண்டு பிம்பமாகப் பிரியும், ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில். 10 மி.மீ. தடிமன் கால்சைட், சரியான கோணத்தில் வெட்டியிருந்தால், சுமார் 1.1 மி.மீ. விலக்கிக் கொடுக்கும். உங்கள் எஃப்/10 குழாயில் அது வானத்தில் இரண்டு கலைக்கு (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கொஞ்சம் குறைவு. மேகம் வந்தால் இரண்டு பிம்பமும் ஒன்றாகவே மங்கும், விகிதம் மாறாது.

அதற்கும் முன்னால், ஒளியின் தளத்தைத் திருப்பிவிடும் தகடு ஒன்று: சுழலும் அரை அலைத் தகடு. தகட்டை 22.5 பாகை திருப்பினால் ஒளியின் தளம் 45 பாகை திரும்பும். 0, 22.5, 45, 67.5 என்று நான்கு நிலைகள் போதும். கேமராவையோ கால்சைட்டையோ தொட வேண்டியதே இல்லை.

நீள்விழி

இரண்டு பிம்பம் ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டால் அப்புறம் அரை அலைத் தகடு எதற்கு? கூட்டிக் கழித்தால் முடிந்ததே?

கோணமானி

எண் போட்டுப் பார்ப்போம், அதுதான் சுலபம்.

ஒரு விண்மீனின் உண்மையான கியூ 1.8 சதவீதம் என்று வையுங்கள். (ஸ்டோக்ஸ் அளவுருக்கள் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள்: 0-90 வித்தியாசம் கியூ, 45-135 வித்தியாசம் யூ.) கருவியில் இரண்டாவது கதிரின் பாதை முதலாவதைவிட 5 சதவீதம் குறைவாக ஒளி கடத்துகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பூச்சு, தூசு, பிக்சல் வித்தியாசம், ஏதோ ஒன்று. தகடு 0 பாகையில் இருக்கும்போது முதல் பிம்பத்தில் 5,09,000 எலெக்ட்ரான், இரண்டாவதில் 4,66,450. இதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தளவிளைவு 4.4 சதவீதம் என்று வரும். முழுப் பொய்.

இப்போது தகட்டை 45 பாகைக்குத் திருப்புகிறீர்கள். கியூ அப்படியே தலைகீழாகிறது. அந்த நேரம் பார்த்து மேகம் வந்து 12 சதவீதம் ஒளியைத் தின்றுவிட்டது. முதல் பிம்பம் 4,32,080, இரண்டாவது 4,25,524.

முதல் நிலையின் விகிதம் 1.09122. இரண்டாவது நிலையின் விகிதம் 1.01541. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.07466, அதன் வர்க்கமூலம் 1.03666. அதிலிருந்து 1-ஐக் கழித்து, 1-ஐக் கூட்டியதால் வகுங்கள்: 0.0180. மேகமும் போச்சு, 5 சதவீதமும் போச்சு. அரை அலைத் தகடு செய்யும் வேலை இதுதான்.

இந்த நான்கு எண்களின் கூட்டுத்தொகை 18 லட்சத்துச் சொச்சம். அதன் வர்க்கமூலத்தின் தலைகீழ் 0.00074. அதாவது 1.8 சதவீதம், கூட்டல் கழித்தல் 0.07. கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஃபோட்டான் எண்ணிக்கை இதற்குக் கீழே விடாது. 0.1 சதவீதத்துக்கு 10 லட்சம் எலெக்ட்ரான், 0.01 சதவீதத்துக்கு 10 கோடி, லட்சத்தில் ஒரு பங்குக்கு 1000 கோடி. துல்லியம் பத்து மடங்கு வேண்டுமென்றால் ஒளி நூறு மடங்கு வேண்டும்.

பிக்சல்_பித்தன்

இவ்வளவு பாடு எதற்கு? சோனியின் ஐஎம்எக்ஸ்250 சென்சாரிலேயே தளவிளைவு வகை இருக்கிறது. ஒவ்வொரு பிக்சல் மேலும் நுண்ணிய கம்பி வலை, நான்கு பிக்சலுக்கு நான்கு கோணம். ஒரே கிளிக், நான்கு தளம், நகரும் பாகம் ஒன்றுமில்லை. நிலவையும் வெள்ளியையும் அதில்தான் எடுக்கிறேன், அருமையாக வருகிறது.

இரட்டைக்கதிர்

நிலவுக்கும் வெள்ளிக்கும் அருமையாக வரும், சந்தேகமில்லை. விண்மீன் வேறு சங்கதி. அந்தச் சென்சாரில் பிக்சல் 3.45 மைக்ரான். 0 பாகை பார்க்கும் பிக்சலும் 90 பாகை பார்க்கும் பிக்சலும் ஒரே இடத்தைப் பார்ப்பதில்லை, பக்கத்துப் பக்கத்து இடத்தைப் பார்க்கின்றன. விண்மீனின் பிம்பம் கூர்மையான புள்ளி. அதன் உச்சி எந்தப் பிக்சல் மேல் விழுகிறதோ, அந்தக் கோணத்துக்கு அதிக ஒளி. காற்று அசைக்க அசைக்கத் தளவிளைவு 10 சதவீதம் இந்தப் பக்கம், 10 சதவீதம் அந்தப் பக்கம் என்று ஆடும். பரந்த பொருள்களில் பிரகாசம் மெதுவாக மாறுவதால் இந்தத் தொல்லை தெரிவதில்லை.

பிக்சல்_பித்தன்

ஃபோகஸைக் கலைத்து விண்மீனை நூற்றுக்கணக்கான பிக்சல் மேல் பரப்பினால்?

இரட்டைக்கதிர்

அப்படிச் செய்தால் பெருமளவு சரியாகும். கூடவே முன்னால் ஒரு அரை அலைத் தகட்டையும் சுழலவிட்டால் பிக்சலுக்குப் பிக்சல் உள்ள வேறுபாடும் கழிந்துவிடும். ஆனால் அப்புறம் 'நகரும் பாகம் இல்லை' என்ற பெருமை போய்விடுகிறதே. அந்த இடத்துக்கு வந்துவிட்டால் கால்சைட்டுக்கே போய்விடலாம் என்பது என் கட்சி. நீங்கள் ஏற்கெனவே அந்தக் கேமராவை வைத்திருக்கிறீர்கள் என்றால் தாராளமாக முயன்று பாருங்கள்.

நீள்விழி, ஃபோகஸைச் சற்றுக் கலைப்பது உங்களுக்கும் நல்லது. பிக்சல் நிரம்பி வழியாமல் ஒரே படத்தில் அதிக ஒளி சேர்க்கலாம்.

தூசிமேகம்

சின்னக் கருவி என்றதும் நினைவுக்கு வருவது மினி-ஹிப்பி. 2017-இல் வெளியான கருவி, எடை வெறும் 650 கிராம். 35 செ.மீ. தொலைநோக்கியில் மாட்டி லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு எட்டினார்கள். அரை அலைத் தகட்டை மோட்டார் வைத்துத் திருப்புவதற்குப் பதில், மின்னழுத்தத்தால் நிலை மாறும் திரவப் படிகம். வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை மாறுவதால் காற்றின் கலக்கம் பக்கத்திலேயே வர முடியாது. அதை வைத்து சித்திரை விண்மீனைப் பார்த்தபோது அதன் தளவிளைவு 4 நாள் சுற்றுக்கு ஏற்ப மாறுவது தெரிந்தது. சித்திரை ஒரு இரட்டை விண்மீன். ஒன்றின் ஒளி மற்றதன் மேல் பட்டுத் திரும்பி வருவதால் வரும் மாற்றம் அது. இரண்டாகப் பிரித்துப் பார்க்க எந்தச் சிறிய தொலைநோக்கியாலும் முடியாத ஒரு ஜோடியின் உள்விவகாரம் 35 செ.மீ. கண்ணாடியில் சிக்குகிறது!

அதே குழுவினர் பிறகு பிக்ஸார் என்று ஒன்று செய்தார்கள். சிமாஸ் சென்சாரும் சுழலும் தகடும்தான், கிட்டத்தட்ட நீங்கள் கட்டப்போவதன் உடன்பிறப்பு. 20 செ.மீ. தொலைநோக்கியிலேயே பத்து லட்சத்தில் சில பங்கு என்கிற அளவில் பேசுகிறார்கள்.

நீள்விழி

உற்சாகமாக இருக்கிறது. கால்சைட் பக்கமே போகிறேன். வரிசை எப்படி? தொலைநோக்கி, அரை அலைத் தகடு, வி (பச்சை-மஞ்சள்) ஃபில்டர், கால்சைட், கேமரா. சரியா?

இரட்டைக்கதிர்

சரி. அரை அலைத் தகடுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டும். அதற்குப் பின்னால் எது தளவிளைவைக் கெடுத்தாலும் கழித்துவிடலாம். முன்னால் எது கெடுத்தாலும் அது விண்மீனோடு ஒட்டிக்கொள்ளும். ஆஃப்-ஆக்சிஸ் கைடரின் (வழிகாட்டும் விண்மீனைப் பார்க்க ஓரத்து ஒளியைத் திருப்பும் துணைக்கருவி) பட்டகம் ஒளிப்பாதையின் ஓரத்தை மறைக்கிறது என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். 90 பாகை டயகனல் கண்ணாடி பக்கமே போகக்கூடாது.

ஃபில்டர் இல்லாமல் எடுக்காதீர்கள். கால்சைட் ஒவ்வொரு நிறத்தையும் சற்று வேறு அளவு விலக்கும், இரண்டாவது பிம்பம் இழுபட்டு நீளும். அரை அலைத் தகடும் எல்லா நிறத்துக்கும் சரியான அரை அலை ஆகாது. முன்னால் நல்ல போலராய்டு ஒன்றை வைத்து எடுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 100 சதவீதம் வர வேண்டும். 92 வந்தால் எல்லா முடிவையும் 0.92-ஆல் வகுத்துக்கொள்ளலாம், பெரிய பிரச்சினை இல்லை.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: கால்சைட்டுக்கு முன்னால் மறைப்பு எதுவும் வைக்காவிட்டால் வானத்தின் இரண்டு பிம்பங்களும் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். ஆகவே பின்னணி வானத்தின் தளவிளைவு தானாகவே அழிந்துவிடும். நிலவொளி பட்ட வானம், குறிப்பாக நிலவிலிருந்து 90 பாகை தள்ளி, நன்றாகவே தளவிளைவு கொண்டது. டிபோல்-2 போன்ற கருவிகள் இந்தத் தந்திரத்தை வைத்துத்தான் நிலவிருக்கும் இரவிலும் அளக்கின்றன.

மரக்குழாய்

என்னுடையது நியூட்டோனியன். நானும் சேரலாமா?

இரட்டைக்கதிர்

45 பாகையில் சாய்ந்திருக்கும் அலுமினியக் கண்ணாடி தன் பங்குக்கு இரண்டு மூன்று சதவீதம் தளவிளைவைச் சேர்க்கும். நீங்கள் தேடுவதைவிட அது பெரியது. நிலையாக இருந்தால் கழிக்கலாம்தான், ஆனால் நிறத்துக்கு நிறம் மாறும், பூச்சு பழசாக ஆக மாறும். காசகிரெய்னில் கண்ணாடிகள் அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் ஒரு பக்கம் சேர்ப்பதை மறுபக்கம் அழித்துவிடும். மனசு கஷ்டப்பட்டாலும், இந்த வேலைக்கு நியூட்டோனியன் வேண்டாம்.

மரக்குழாய்

நிலவின் தளவிளைவோடு நிறுத்திக்கொள்கிறேன். இழையைத் தொடர்ந்து படிப்பேன்.

நீள்விழி

கருவி கட்டி மாட்டியாகிவிட்டது, வானமும் தெளிந்தது. தளவிளைவு முன்பே தெரிந்த தரநிலை விண்மீன் ஒமிக்ரான் ஸ்கார்ப்பியை (எச்டி 147084) எடுத்தேன், 4.3 சதவீதம் வருகிறது. வி பட்டையில் அது 4.2-க்குப் பக்கத்தில் என்பதால் சந்தோஷம். வேறொரு இரவில் புரோசியானை எடுத்தேன். தளவிளைவே இல்லாத விண்மீன் என்றார்கள். எனக்கு 0.25 சதவீதம் காட்டுகிறது. பிழை 0.03-தான். அரை சதவீதம்கூட இல்லை, விட்டுவிடலாமா?

கோணமானி

விடக்கூடாது. இந்த வேலையில் 4 சதவீதத்தை 4 என்று காட்டுவது யாராலும் முடியும். ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லை என்று காட்டுவதுதான் கருவியின் தரம். உங்கள் திருவாதிரை அரை சதவீதம் மாறினால், அதில் பாதி தொலைநோக்கியின் வேலையா என்று எப்படிச் சொல்வீர்கள்?

முதலில் அது தளவிளைவுதானா என்று பாருங்கள். தகட்டை நான்கு நிலையோடு நிறுத்தாமல், 22.5 பாகையாக ஒரு முழுச் சுற்று, 16 நிலை எடுங்கள். உண்மையான தளவிளைவு, தகடு 90 பாகை திரும்பினால் மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடும். ஒரு சுற்றில் நான்கு அலை. தகட்டின் மேல் தூசு இருந்தால், அல்லது தகடு லேசான ஆப்பு வடிவில் இருந்து பிம்பத்தை வட்டமடிக்க வைத்தால், அது ஒரு சுற்றில் ஒரு அலை அல்லது இரண்டு அலையாக வரும். நான்கு நிலை மட்டும் எடுத்தால் இந்த இரண்டும் கலந்து ஒன்று போலவே தெரியும். 16 எடுத்தால் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

நீள்விழி

பிரிந்தேவிட்டது! ஒரு சுற்றில் இரண்டு அலைதான் பெரிசாக இருக்கிறது. தகட்டைத் துடைத்து, பிளாட் படங்களையும் (தூசு, பிக்சல் வேறுபாட்டைச் சரிசெய்ய எடுக்கும் சீரொளிப் படங்கள்) புதிதாக எடுத்த பிறகு நான்கு அலைப் பகுதி 0.06 சதவீதம் மட்டும் மிச்சம். ஆனால் இது போகமாட்டேன் என்கிறது.

கோணமானி

அந்த 0.06 தொலைநோக்கியுடையது என்றே நினைக்கிறேன். முன் கண்ணாடித் தகட்டின் இறுக்கமோ, கண்ணாடிப் பூச்சின் சீரின்மையோ, ஏதோ ஒன்று. ஷ்மிட்-காசகிரெய்னில் இதைவிடக் குறைவாகவும் பார்க்கலாம்.

பிக்சல்_பித்தன்

ஜெர்மன் மவுண்ட் (தொலைநோக்கித் தாங்கியில் ஒரு வகை) என்றால் விண்மீன் மெரிடியனை (வடக்கு-தெற்கு உச்சிக்கோடு) தாண்டியதும் குழாய் தலைகீழாகுமே. இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை எடுத்துச் சராசரி பார்த்தால் தொலைநோக்கியின் பங்கு கழிந்துவிடாதா?

கோணமானி

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கழியாது. தளவிளைவுக்குத் தலை வால் கிடையாது. 180 பாகை திருப்பினால் பழைய நிலைக்கே வந்துவிடும். கியூ-யூ தளத்தில் எல்லாக் கோணமும் இரட்டிப்பாகும் என்பதை மறக்காதீர்கள். 180 என்பது அங்கே ஒரு முழுச் சுற்று.

90 பாகை திருப்பினால்தான் கூட்டல் கழித்தல் குறி மாறும். நீள்விழியின் குழாய் வளையங்களில் மாட்டியிருந்தால் இதைச் செய்யலாம்: ஒரு முறை எடுத்துவிட்டு, குழாயைக் கருவியோடு சேர்த்து வளையத்துக்குள் 90 பாகை உருட்டி மறுபடி எடுங்கள். கருவியின் பார்வையில் விண்மீனின் கியூவும் யூவும் எதிர்க்குறியாகிவிடும், தொலைநோக்கியின் பங்கு அப்படியே நிற்கும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் தொலைநோக்கி. கழித்துப் பாதியாக்கினால் விண்மீன்.

தூசிமேகம்

படம் எடுப்பவர்கள் எல்லாரும் திட்டும் ஆல்ட்-ஆசிமத் மவுண்ட் (மேலும் கீழும், பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் தாங்கி) இங்கேதான் ராஜா. விண்மீன் கிழக்கிலிருந்து மேற்கே போகப் போகப் புலம் சுழலும். கியூ-யூ தளத்தில் விண்மீன் ஒரு வட்டத்தில் நகரும், அந்த வட்டத்தின் மையம்தான் தொலைநோக்கியின் தளவிளைவு. பொறுமையாக ஒரு விண்மீனைப் பின்தொடர்ந்தாலே போதும், குழாயை உருட்ட வேண்டியதில்லை. பூமியின் அச்சுக்கு இணையாகச் சுழலும் ஈக்வடோரியல் மவுண்டில் விண்மீனுடையதும் தொலைநோக்கியுடையதும் கைகோத்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும்.

கோணமானி

மெத்தச் சரி. இரண்டும் கைவசம் இல்லாதவர்கள், அருகிலுள்ள பல விண்மீன்களை எடுத்துச் சராசரி பார்க்கலாம். சிரியஸ், புரோசியான், டெனபோலா, டாவ் சீட்டி. ஒவ்வொன்றுக்கும் லட்சத்தில் சில பங்கு இருக்கலாம், 0.01 சதவீதம் தேடுபவருக்கு அது பூச்சியம்.

இன்னொரு எச்சரிக்கை, புரோசியான் மாதிரி விண்மீன்களுக்கு இது முக்கியம். கியூவையும் யூவையும் வர்க்கம் செய்து கூட்டி மூலம் எடுத்தால் விடை எப்போதும் நேர்மறைதான். தளவிளைவே இல்லாத விண்மீனுக்கும் இரைச்சலே ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். கியூ, யூ தலா 0.1 சதவீதப் பிழையோடு இருந்தால் சராசரியாக 0.125 சதவீதம் 'தளவிளைவு' முளைக்கும். ஆகவே சராசரி எடுப்பதெல்லாம் கியூ, யூ நிலையிலேயே முடியட்டும். கடைசியில் ஒரு முறை மட்டும் சதவீதமாக்குங்கள், அதிலும் பிழையின் வர்க்கத்தைக் கழித்துவிட்டு.

நீள்விழி

குழாயை உருட்டிப் பார்த்தேன். 0.06-இல் பெரும்பங்கு தொலைநோக்கியுடையதுதான். கழித்த பிறகு புரோசியான் பிழைக்குள் அடங்கிவிட்டது.

இப்போது வேறு சந்தேகம். ஜீட்டா டாரியின் ஒன்றரை சதவீதத்தில் அதன் வட்டு எவ்வளவு, நடுவில் உள்ள தூசி எவ்வளவு?

தூசிமேகம்

இதற்குத்தான் காத்திருந்தேன். இந்தத் துறை பிறந்ததே இந்தக் குழப்பத்தில்தான்.

1946-இல் சந்திரசேகர் ஒரு கணக்குப் போட்டார். சூடான விண்மீன்களின் வளிமண்டலத்தில் எலெக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடிப்பதால், விண்மீனின் விளிம்பில் தளவிளைவு 11 சதவீதத்துக்கு மேல் இருக்கும் என்று. முழு வட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் அழிந்துவிடும். ஆனால் இரட்டை விண்மீனில் ஒன்று மற்றதை மறைக்கும்போது விளிம்பு மட்டும் எட்டிப் பார்க்கும், அப்போது பிடிக்கலாம். இதைத் தேடிப் போன வானியலாளர்கள் ஹில்ட்னரும் ஹாலும் 1949-இல் தளவிளைவைக் கண்டார்கள், ஆனால் அது கிரகணத்தோடு மாறவே இல்லை. மறைப்பே நடக்காத தூரத்து விண்மீன்களிலும் இருந்தது. விண்மீன்களுக்கு இடையிலுள்ள தூசித் துகள்கள், நீள்வடிவமானவை, காந்தப்புலத்துக்கு ஏற்ப வரிசையாக நிற்கின்றன. அவை ஒரு தளத்து ஒளியை மற்றதைவிட அதிகமாக விழுங்குகின்றன. ஒன்றைத் தேடப்போய் பால்வீதியின் காந்தப்புலத்தையே கண்டுபிடித்து வந்தார்கள்!

சந்திரசேகர் சொன்ன விளைவு அல்கால் விண்மீனில் 1983-இல்தான் கிடைத்தது. பிறகு 2017-இல் மகம் விண்மீன். அது கிட்டத்தட்ட உடைந்து சிதறும் வேகத்தில் சுழல்வதால் தட்டையாகிவிட்டது, எனவே விளிம்பின் தளவிளைவு முழுசாக அழிவதில்லை. இவையெல்லாம் மிகச் சிறிய எண்கள். இரண்டுக்கும் நடுவில் 34 வருடம் கடந்ததில் ஆச்சரியமில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு. தூசியின் தளவிளைவுக்கு ஒரு நிற முத்திரை உண்டு. செர்கோவ்ஸ்கி கண்ட விதிப்படி அது பெரும்பாலும் 0.55 மைக்ரான் அருகே, பச்சை-மஞ்சளில், உச்சம் தொட்டு நீலத்திலும் சிவப்பிலும் மெதுவாக இறங்கும். எலெக்ட்ரான் சிதறலோ எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும், ஆனால் வட்டில் உள்ள ஹைட்ரஜன் அதில் படிப்படியாக வெட்டு போட்டுவிடும். பி, வி, ஆர் (நீலம், பச்சை-மஞ்சள், சிவப்பு) மூன்று பட்டையில் எடுத்தால் வடிவத்திலேயே வித்தியாசம் தெரியத் தொடங்கும். அதோடு, ஜீட்டா டாரிக்கு அக்கம்பக்கத்தில் ஏறக்குறைய அதே தூரத்தில் உள்ள சாதாரண விண்மீன்கள் சிலவற்றை எடுங்கள். அவற்றில் இருப்பது தூசியின் பங்கு மட்டும். கையா விண்கலம் அளந்த தூரங்கள் இருப்பதால் இப்போது இந்த வேலை முன்பைவிட எவ்வளவோ சுலபம்.

உச்ச வரம்பு ஒன்றும் உண்டு: தூசி எவ்வளவு சிவப்பாக்குகிறதோ, அந்த நிற மிகையின் ஒரு முழு மேக்னிட்யூடுக்குத் தளவிளைவு ஏறக்குறைய 9 சதவீதத்துக்கு மேல் போவதில்லை. லேசாக மட்டும் சிவந்த விண்மீனில் பெரிய எண் வந்தால், அது விண்மீனின் சொந்தச் சரக்கு.

மரக்குழாய்

படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கேள்வி. இதெல்லாம் பெரிய தொலைநோக்கிகள் செய்து முடித்ததுதானே? 20 செ.மீ.யில் புதிதாக என்ன கிடைக்கும்?

இரட்டைக்கதிர்

பெரிய தொலைநோக்கியில் யாரும் திருவாதிரைக்கு வாரம் ஒரு இரவு கொடுக்க மாட்டார்கள். இந்த மாதிரி விண்மீன்கள் வாரக் கணக்கில், மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மாறுகின்றன. சிவப்புப் பெருவிண்மீன்களில் மேற்பரப்பின் கொந்தளிப்பும் புதிதாக வீசும் தூசியும், வட்டு விண்மீன்களில் வட்டு கரைவதும் மறுபடி உருவாவதும். வி கேனம் வெனட்டிகோரம் என்று ஒன்று இருக்கிறது, பிரகாசம் குறையும்போது தளவிளைவு ஏறும், பிரகாசம் கூடும்போது இறங்கும். சில சதவீதம் ஆடுகிறது. இதற்கு வேண்டியது பெரிய கண்ணாடி அல்ல, விடாப்பிடி.

ஒன்று மட்டும். தரநிலை விண்மீன்கள் என்று பட்டியலில் இருப்பவை பலவும் தூரத்துப் பெருவிண்மீன்கள், அவையே லேசாக மாறுபவை என்று சமீப வருடங்களில் தெரிய வந்திருக்கிறது. ஒன்றையே நம்பாமல் மூன்று நான்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீள்விழி

கடைசியாகக் கோணம். ஒமிக்ரான் ஸ்கார்ப்பிக்கு 32 பாகை வர வேண்டும், எனக்கு 101 வருகிறது. மற்றொரு தரநிலை, ஃபை காசியோப்பியே (எச்டி 7927), 93-க்குப் பதில் 162.

கோணமானி

இரண்டிலும் வித்தியாசம் 69. அப்படியானால் நல்ல சேதி. கருவியின் பூச்சியக் கோடு வானத்தின் வடக்கிலிருந்து 69 பாகை தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். எல்லாக் கோணத்திலிருந்தும் 69 கழியுங்கள், எதிர்மறையாகப் போனால் 180 கூட்டுங்கள். வித்தியாசம் விண்மீனுக்கு விண்மீன் மாறியிருந்தால் யூவின் குறி தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். கோணம் வடக்கிலிருந்து கிழக்கு நோக்கி ஏற வேண்டும். அப்படிக் குறி தலைகீழாக இருந்திருந்தால் உங்களுடையது அதற்கு எதிராக ஏறியிருக்கும். முதல் பிம்பம் எது, இரண்டாவது எது என்று மாற்றிப் பிடித்தால் எல்லாமே சரியாக 90 பாகை தள்ளி வரும், அதுவும் இந்த 69-க்குள் அடங்கிவிடும் என்பதால் கவலையில்லை. கருவியைக் கழற்றி மாட்டினால் மட்டும் இந்த எண்ணை மறுபடி பாருங்கள்.

நீள்விழி

கழற்றும் எண்ணமே இல்லை. வளையத்தில் குறி போட்டு வைத்துவிட்டேன். அடுத்த தெளிந்த இரவில் ஜீட்டா டாரி, அக்கம்பக்கத்து விண்மீன்களோடு, மூன்று பட்டையிலும். கியூ, யூ எண்களை அப்படியே இங்கே போடுகிறேன்.

கோணமானி

போடும்போது தொலைநோக்கியின் பங்கு கழித்ததா கழிக்காததா என்று மேலே எழுதிவிடுங்கள்.